தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு ரோபோக்களை விண்வெளிப் பணியில் ஈடுபடுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2005 நவம்பர் 12 அன்று, இட்டோகாவா என்னும் சிறுகோளை நெருங்கியிருந்த ஹயபுசா என்ற ஜப்பானிய விண்கலத்துக்கு, அது சுமந்து சென்ற மினர்வா என்னும் துள்ளும் ரோபோவை விடுவிக்குமாறு பூமியிலிருந்து கட்டளை அனுப்பப்பட்டது. அந்தக் கட்டளை இன்னும் வழியில் இருந்தபோதே, கலத்தின் உயரமானி அளந்த தூரத்தின் அடிப்படையில் கலம் தன் உயரத்தைத் தானாகவே சரிசெய்துகொண்டு மேலேறத் தொடங்கிவிட்டது. கட்டளை வந்து சேர்ந்த கணத்தில், மேலேறிக்கொண்டிருந்த கலத்திலிருந்து மினர்வா விடுபட்டது. இட்டோகாவாவின் மிக மெல்லிய ஈர்ப்பால் அதைப் பிடித்து இழுக்க முடியவில்லை. ரோபோ பழுதடையவில்லை, அதன் பிறகும் பல மணி நேரம் தொடர்பில் இருந்தது. கலமும் தனக்கு இடப்பட்ட விதிப்படியே நடந்தது. மனிதர் எடுத்த முடிவும் இயந்திரம் எடுத்த முடிவும் ஒன்றையொன்று அறியாமல் சந்தித்ததுதான் அந்த இழப்புக்குக் காரணம்.

சிறு ரோபோ ஒன்றை விண்வெளிப் பணிக்கு அனுப்பத் திட்டமிடும் மாணவர் குழுவோ ஆய்வகமோ நிறுவனமோ முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான். எந்த முடிவை மனிதர் எடுப்பார், எந்த முடிவை இயந்திரமே எடுக்கும் என்று பிரித்து எழுதுவதே இத்தகைய திட்டத்தின் மையப் பணி. கை, சக்கரம், கேமரா ஆகியவை எல்லாம் அந்தப் பிரிவினைக்குப் பின்னால் வருபவை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதல் படி: பணியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பார்ப்பது, தொடுவது, பிடிப்பது, நகர்த்துவது என்ற வரிசையில் பணியின் கடினம் ஏறிக்கொண்டே போகும். பார்ப்பதற்கும் தொடுவதற்கும் இடையிலுள்ள இடைவெளி, தொடுவதற்கும் நகர்த்துவதற்கும் இடையிலுள்ளதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே உங்கள் தேவை பார்ப்பதன் மூலமே நிறைவேறுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1997 டிசம்பரில் எஸ்டிஎஸ்-87 பயணத்தின்போது கொலம்பியா விண்ணோடத்துக்கு வெளியே பறக்கவிடப்பட்ட ஏர்கேம் ஸ்பிரிண்ட் இதற்கு நல்ல முன்மாதிரி. சுமார் 35 செ.மீ. விட்டமும் 16 கிலோ எடையும் கொண்ட அந்தக் கோளத்தில் இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்களும் நைட்ரஜன் வாயுவைப் பீச்சும் 12 சிறு உந்திகளும் மட்டுமே இருந்தன. வின்ஸ்டன் ஸ்காட் அதை வெளியே விடுவித்தார். ஸ்டீவ் லிண்ட்சே கலத்துக்குள் இருந்தபடி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை ஓட்டினார். கோளத்தின் வெளிப்புறம் மெத்தென்று பொதியப்பட்டிருந்தது. தவறி இடித்தாலும் சேதம் நேராது என்ற அந்த எளிய ஏற்பாடு, எத்தனையோ நுண்மையான மென்பொருள் பாதுகாப்புகளைவிட மதிப்பு மிக்கது.

பணியை எழுதும்போது வெற்றியின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். “கலத்தைச் சுற்றிப் பார்ப்பது” என்பது பணி ஆகாது. “சூரியத் தகட்டின் பின்புறத்தில் 5 மி.மீ. அளவுள்ள கீறலை அடையாளம் காணும் தெளிவில் முழுப் பரப்பையும் படமெடுப்பது” என்பது பணி. பிந்தைய வாக்கியம் கேமரா, தூரம், ஒளி, பறக்கும் நேரம் ஆகிய நான்கையும் ஒரேயடியாகத் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாம் படி: தாமதத்தைக் கணக்கிடுங்கள்

ஒளியின் வேகத்தில் செல்லும் ரேடியோ அலைக்கு நிலாவை அடையச் சுமார் 1.3 விநாடி ஆகும். போய் வர 2.6 விநாடி. செவ்வாய்க்கு ஒரு வழிப் பயணமே கோள்களின் நிலையைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். பூமிக்கு 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலம் தலைக்கு மேலே இருக்கும்போது இந்தத் தாமதம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான். ஆனால் அந்தக் கலம் ஒரு தரை நிலையத்தின் பார்வையில் ஒரு முறைக்குச் சுமார் பத்து நிமிடமே இருக்கும். தொடர்ச்சியான தொடர்பு வேண்டுமென்றால் 36,000 கி.மீ. உயரத்திலுள்ள இடைமாற்றுச் செயற்கைக்கோள் வழியாகப் பேச வேண்டும். அப்போது கட்டளை ஏறி இறங்கி, படம் ஏறி இறங்குவதற்குள் பயண நேரம் மட்டுமே அரை விநாடியைத் தொட்டுவிடும்.

பயண நேரத்தோடு கணக்கை முடிப்பது பலரும் செய்யும் பிழை. கேமரா ஒரு படத்தைப் பதிவு செய்யும் நேரம், அதைச் சுருக்கும் நேரம், அனுப்பும் வரிசையில் காத்திருக்கும் நேரம், தரை நிலையத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு வரும் நேரம், மனிதர் பார்த்துத் தீர்மானிக்கும் நேரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 1973 இல் நிலாவில் ஓடிய சோவியத் ரோவரான லுனகோத்-2, வேகத் தெரிவைப் பொறுத்து 3 முதல் 21 விநாடிகளுக்கு ஒரு படம் அனுப்பியது. பத்து விநாடிக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் செல்லும் ரோவர், ஓட்டுநர் அடுத்த படத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்லி அந்தச் சொல் போய்ச் சேருவதற்குள் மூன்று மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். அந்தத் தூரத்துக்குள் ஒரு பள்ளம் தாராளமாக இருக்கலாம்.

இங்கிருந்து ஒரு விதி பிறக்கிறது: மொத்தத் தாமதத்தில் ரோபோ கடக்கும் தூரம், அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பாதுகாப்பான தூரத்தைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். இந்தியாவின் சந்திரயான்-3 கொண்டுசென்ற 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் விநாடிக்கு ஒரு செ.மீ. என்ற வேகத்தில் ஊர்ந்தது. 2023 ஆகஸ்ட் 27 அன்று நான்கு மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று மூன்று மீட்டர் முன்னால் இருப்பது தெரிந்ததும், வந்த வழியே திரும்பும்படி அதற்குக் கட்டளை இடப்பட்டது. வேகம் குறைவாக இருந்ததால்தான் அந்த முடிவைப் பூமியிலிருந்து நிதானமாக எடுக்க முடிந்தது.

மூன்றாம் படி: கட்டுப்பாட்டு முறையைத் தாமதத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

தாமதம் பத்தில் சில பங்கு விநாடிக்குள் இருந்தால் மனிதர் நேரடியாகக் கையால் ஓட்டலாம். அதைத் தாண்டியதும் மனிதரின் இயல்பே மாறிவிடுகிறது. 1960களில் எம்ஐடியில் தாமஸ் ஷெரிடனும் வில்லியம் ஃபெரலும் செய்த சோதனைகளில், தாமதமுள்ள கையை இயக்கியவர்கள், யாரும் சொல்லித்தராமலே, சிறிது நகர்த்திவிட்டு விளைவு தெரியும்வரை காத்திருந்து மறுபடியும் நகர்த்தும் முறைக்கு வந்து சேர்ந்தார்கள். இது பாதுகாப்பான முறை. ஆனால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலையைப் பல நிமிடங்களுக்கு இழுத்துவிடும். இந்தச் சிக்கலுக்கு அவர்கள் முன்வைத்த விடைதான், மனிதர் இலக்கைச் சொல்ல இயந்திரம் அதற்கான அசைவுகளைத் தானே செய்யும் மேற்பார்வைக் கட்டுப்பாடு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 1993 இல் கொலம்பியா விண்ணோடத்தின் ஸ்பேஸ்லேப் டி-2 பயணத்தில் ஜெர்மனியின் ரோட்டெக்ஸ் என்னும் ரோபோக் கை, சில விநாடித் தாமதம் இருந்தும், மிதந்துகொண்டிருந்த ஒரு பொருளைத் தரையிலிருந்து வந்த கட்டளைப்படியே பிடித்தது. கணினி அந்தப் பொருள் சில விநாடிகளுக்குப் பிறகு எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்தது. கட்டளைகள் அந்த எதிர்கால நிலைக்கு ஏற்ப அனுப்பப்பட்டன. இம்முறை சிறப்பாக வேலை செய்யும். ஆனால் சூழலின் மாதிரி உங்களிடம் துல்லியமாக இருக்க வேண்டும். தெரிந்த கலத்தின் தெரிந்த கைப்பிடியைப் பிடிப்பதற்கு இது பொருந்தும். இதுவரை யாரும் பார்க்காத பாறைச் சரிவுக்குப் பொருந்தாது.

இன்னொரு தீர்வு மனிதரையே அருகில் கொண்டுபோவது. 2015 செப்டம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்த ஆண்ட்ரியாஸ் மொகென்சன், நெதர்லாந்திலிருந்த ஒரு ரோவரின் கையை, அது சந்திக்கும் எதிர்விசையைத் தன் விரல்களில் உணர்ந்தபடியே இயக்கி, மிக நெருக்கமான துளை ஒன்றில் ஆணியைச் செருகினார். செவ்வாயைச் சுற்றும் கலத்திலிருந்து மேற்பரப்பு ரோபோவை இயக்கும் நாளுக்கான ஒத்திகை அது. சிறு குழுவுக்கு இந்த வழி எட்டாதது என்பதால் இதற்கு மேல் இங்கே தேவையில்லை.

முறையைத் தேர்ந்தெடுத்த பின் ஓர் அட்டவணை எழுதுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் முடிவெடுப்பவர் யார், எவ்வளவு நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அந்நேரத்துக்குள் எடுக்காவிட்டால் ரோபோ என்ன செய்யும் என்று மூன்று கட்டங்கள் போதும். மோதலைத் தவிர்ப்பது, வெப்ப வரம்பைக் காப்பது, மின்சாரம் குறைந்தால் உறங்கச் செல்வது ஆகிய மூன்றையும் தூரம் எதுவாக இருந்தாலும் இயந்திரத்திடமே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நிபந்தனையும் காலாவதி நேரமும் இணைக்கப்பட வேண்டும். “விடுவி” என்று மட்டும் சொல்லாமல், “கலம் இறங்கிக்கொண்டோ நிலையாகவோ இருந்தால் மட்டும், இந்த நேரத்துக்குள் மட்டும் விடுவி” என்று சொல்லும் கட்டளை, நிலைமை மாறியிருந்தால் தானாகவே செல்லாததாகிவிடும்.

நான்காம் படி: அசைவை வடிவமையுங்கள்

சுற்றுப்பாதையில் பறக்கும் ரோபோவை ஓட்டுபவர் தரையில் கற்ற உள்ளுணர்வை முதலில் கைவிட வேண்டும். 1965 ஜூனில் ஜெமினி-4 கலத்தில் இருந்த ஜேம்ஸ் மெக்டிவிட், பிரிந்து சென்ற ராக்கெட் பகுதியை நோக்கி உந்தி நெருங்க முயன்றபோது அது எட்டாமல் விலகிக்கொண்டே போனது. காரணம் எளியது. 400 கி.மீ. உயரத்தில் ஒரு கலத்தின் அருகே இருக்கும் ரோபோ முன்னோக்கி விநாடிக்கு வெறும் 1 செ.மீ. கூடுதல் வேகம் பெற்றால், அதன் பாதை உயர்ந்து, சுற்றுக் காலம் நீண்டு, ஒரு சுற்றின் முடிவில் அது சுமார் 165 மீட்டர் பின்தங்கிவிடும். நடுவில் சுமார் 35 மீட்டர் மேலேயும் போய் வரும். சில நிமிடங்களுக்குள் முடியும் அசைவுகளுக்கு நேர்க்கோட்டுக் கணக்கு போதும். அதற்கு மேல் நீளும் எதற்கும், சுற்றுப்பாதையில் ஒரு கலத்தைச் சார்ந்து மற்றொன்று எப்படி நகரும் என்று கணிக்கும் கிளோஹெசி–வில்ட்ஷயர் சமன்பாடுகளைப் பயன்படுத்தியே திட்டமிட வேண்டும்.

இதே இயற்பியலை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ரோபோவின் பாதையைச் சற்றே சாய்த்து, அது இலக்குக் கலத்தின் பயணத் திசையைச் சுற்றி ஒரு நீள்வட்டமாகச் சுழன்று வருமாறு அமைத்தால், உந்திகள் முழுவதும் நின்றுபோனாலும் நீண்ட நேரத்துக்கு மோதல் நேராது. கூர்ந்து பார்க்கும் பணி முழுவதையும் இத்தகைய பாதையிலேயே செய்து, தேவைப்படும் சில நிமிடங்களுக்கு மட்டும் உள்ளே நெருங்கி வருவதே நான் பரிந்துரைக்கும் முறை.

உந்துவதற்குக் குளிர் வாயுவே சிறு ரோபோவுக்கு ஏற்றது. பத்துக் கிலோ ரோபோவில் 300 கிராம் நைட்ரஜன் இருந்தால் மொத்தம் விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேக மாற்றம் கிடைக்கும். சென்டிமீட்டர் கணக்கில் நகரும் பணிக்கு இது தாராளம். நிலையத்தின் உள்ளே, காற்று இருக்கும் இடத்தில், வாயுவே தேவையில்லை. நாசாவின் ஆஸ்ட்ரோபீ ரோபோக்கள் 32 செ.மீ. பக்கமுள்ள கனசதுரங்கள். அவை மின்விசிறியால் காற்றைத் தள்ளி நகர்கின்றன, மின்னேற்ற மேடைக்குத் தாமே திரும்பிச் செல்கின்றன.

சிறுகோளின் மேற்பரப்பில் சக்கரம் பயன்படாது. பிடிமானம் தருவதற்கான எடையே அங்கே இல்லை. 2018 செப்டம்பரில் ரியூகு சிறுகோளில் இறங்கிய மினர்வா-II1 ரோவர்கள் இரண்டும் ஒவ்வொன்றும் 1.1 கிலோ எடையும் 18 செ.மீ. விட்டமும் கொண்டவை. உள்ளே சுழலும் மோட்டாரின் எதிர்விசையால் அவை துள்ளித் துள்ளி நகர்ந்தன. ஒரு துள்ளலில் நெடுநேரம் உயரத்தில் மிதக்கும் ரோபோவை யாரும் கையால் ஓட்ட முடியாது. எங்கே விழும் என்று தெரியாத நிலையை ஏற்றுக்கொண்டு, விழுந்த இடத்தில் என்ன செய்வது என்பதை ரோபோவே தீர்மானிக்குமாறு அமைத்தார்கள். நிலாவில் சக்கரம் தாராளமாக வேலை செய்யும். அங்கே கவனிக்க வேண்டியது மணலில் புதைவதையும் தூசியையும்தான்.

ஐந்தாம் படி: கண்களையும் ஒளியையும் திட்டமிடுங்கள்

காற்றில்லாத இடத்தில் நிழல் முழு இருட்டு, வெயில் கண்கூசும் வெள்ளை. இரண்டும் ஒரே படத்தில் வரும். ஒளியளவை மாற்றி எடுத்த பல படங்களை இணைப்பது, ரோபோவிலேயே சிறு விளக்கு வைப்பது, சூரியன் எந்தக் கோணத்தில் இருக்கும்போது பணி செய்வது என்று முன்கூட்டியே நேரம் குறிப்பது ஆகிய மூன்றும் தேவை. தரையில் ஊரும் ரோபோவில் கேமரா உயரமாக இருக்கட்டும். லுனகோத்-2 வடிவமைப்பாளர்கள் வழி பார்ப்பதற்கென்றே உயரத்தில் ஒரு கேமராவைக் கூடுதலாகப் பொருத்தினார்கள்.

பெரிதும் கேமராவை நம்பி இடத்தை அறியும் ரோபோவுக்கு ஒரு பலவீனம் உண்டு. 2021 ஏப்ரலில் செவ்வாயில் முதன்முறை பறந்த 1.8 கிலோ எடையுள்ள இஞ்செனுவிட்டி ஹெலிகாப்டர், தரையிலுள்ள அடையாளங்களைப் படமெடுத்துத் தன் நகர்வைக் கணக்கிட்டது. 72 ஆம் பறப்பில், 2024 ஜனவரியில், அடையாளமே அதிகமில்லாத மணல் அலைகளுக்கு மேல் அது வழி தடுமாறி, இறங்கும்போது இறக்கைகள் சேதமடைந்தன. எனவே தரையின் அடையாளங்களைச் சாராமல் நகர்வை அளக்கும் வேறு வகையான அளவுகோல் ஒன்றாவது துணைக்கு இருக்க வேண்டும்.

ஆறாம் படி: வெப்பம், வெற்றிடம், தூசி

சிறிய உடல் விரைவில் சூடாகும், விரைவில் குளிரும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறும். நிலாவில் இரவு பூமியின் இரு வாரக் காலம் நீள்கிறது; அதைத் தாங்கச் சூடேற்றும் ஏற்பாடு சிறு ரோபோவில் அடங்குவது அரிது. பிரக்யானைப் போல ஒரு நிலாப் பகலுக்குள் பணியை முடித்துவிடுவதே நேர்மையான திட்டம். லித்தியம்-அயான் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பாழாகும் என்பதால், பேட்டரிக்குச் சிறு சூடேற்றியும், குளிரில் மின்னேற்றத்தைத் தடுக்கும் காவலும் கட்டாயம்.

சாதாரண மசகு எண்ணெய் வெற்றிடத்தில் ஆவியாகிக் கேமரா வில்லையில் படியும். மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற திட மசகுகளையே நாட வேண்டும். தூசியைப் பற்றி லுனகோத்-2 இன் முடிவைவிடத் தெளிவான பாடம் இல்லை. திறந்திருந்த அதன் சூரியத் தகட்டு மூடி ஒரு பள்ளத்தின் சுவரில் உரசித் தூசியை அள்ளிக்கொண்டது. பிறகு மூடியபோது அந்தத் தூசி வெப்பத்தை வெளியேற்றும் பரப்பில் கொட்டி, ரோவர் உள்ளே சூடேறி நின்றுபோனது.

ஏழாம் படி: தொடர்பும், தொடர்பு அறுதலும்

சிறு ரோபோவில் பெரிய ஆன்டெனா வைக்க இயலாது. தாய்க்கலத்துடன் மட்டும் பேசி, அதன் வழியாகப் பூமியை அடைவதே நடைமுறை. பிரக்யான் விக்ரம் தரையிறங்கு கலத்துடன் பேசியது. நிலாவின் மறுபக்கத்தில் ஓடிய சீனாவின் யூட்டு-2, குவேசியாவ் என்னும் இடைமாற்றுச் செயற்கைக்கோள் வழியாகப் பேசியது. 2024 ஜனவரியில் நிலாவில் இறங்கிய ஜப்பானின் ஸ்லிம் கலம் வெளியே விட்ட 250 கிராம் எடையுள்ள சோரா-கியூ, தான் எடுத்த படத்தை உடன் வந்த மற்றொரு சிறு ரோபோ வழியாக அனுப்பியது. தாய்க்கலம் தலைகுப்புற நின்ற நிலை உலகுக்குத் தெரிந்தது அந்தப் படத்தால்தான்.

தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதை, தொடர்பு இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு முன்பே எழுதி முடியுங்கள். தரையில் ஊரும் ரோபோவுக்கு நின்றுவிடுவதே பாதுகாப்பு. பறக்கும் ரோபோவுக்கு நிற்பது என்ற ஒன்று கிடையாது. பாதுகாப்பான நீள்வட்டத்துக்குப் பின்வாங்குவதே அதற்கு இணையானது. எத்தனை விநாடி மௌனத்துக்குப் பின் அது பின்வாங்க வேண்டும் என்பதை எண்ணாகக் குறியுங்கள். மனிதரை முற்றிலும் விலக்குவதும் ஆபத்தே. நாசாவின் டார்ட் என்னும் தானியங்கிக் கலம் 2005 ஏப்ரலில் மப்ல்காம் செயற்கைக்கோளை நெருங்கியபோது, வழிகாட்டும் கணக்கில் பிழை ஏற்பட்டு, எரிபொருளை அளவுக்கு மீறிச் செலவழித்து, அந்தச் செயற்கைக்கோளின் மீது மோதியது. தரையிலிருந்து கட்டளை பெறும் வசதி அதில் இல்லாததால், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களால் பார்த்துக்கொண்டிருக்கவே முடிந்தது.

எட்டாம் படி: தொடும் பணி இருந்தால்

எடையற்ற நிலையில், தொடும் பொருள் அதே விசையோடு உங்களையும் திருப்பித் தள்ளும். பிடி முழுமையாக மூடுவதற்குள் இலக்கு நழுவி, சுழலவும் தொடங்கிவிடும். ஆகவே கையின் மூட்டுகள் இறுக்கமாக இல்லாமல் விசைக்கு இணங்கி வளைபவையாக இருக்க வேண்டும். தொடுவதற்கு முன்பே விரல்கள் இலக்கைச் சூழ்ந்துவிட வேண்டும். விசை ஒரு வரம்பைத் தாண்டினால் கை தானே தளர வேண்டும். இந்த மூன்றாவது காவலை ஒருபோதும் தரைக்கு விடக் கூடாது. 2024 பிப்ரவரியில் சுமார் ஒரு கிலோ எடையுள்ள ஒரு சிறு அறுவை ரோபோவை நெப்ராஸ்காவிலிருந்து மருத்துவர்கள் விண்வெளி நிலையத்தில் இயக்கி, ரப்பர் பட்டைகளை வெட்டினார்கள். அரை முதல் முக்கால் விநாடித் தாமதத்திலேயே அசைவுகளைச் சிறிதாக்கி நிதானிக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டைகள் மிதக்காமல் பொருத்தப்பட்டிருந்தன என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பிடிக்கப்படும் பொருள் உங்களுடையதா என்பதும் பொறியியல் கேள்வியே. 1967 ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, செயலிழந்த செயற்கைக்கோளும் அதைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்திலேயே இருக்கும். அனுமதியின்றித் தொடக் கூடாது.

ஒன்பதாம் படி: சோதனையும் குழுவும்

வழவழப்பான கருங்கல் மேடையில் காற்று மெத்தை மீது ரோபோவை மிதக்கவிட்டால் இரு திசை நகர்வையும் ஒரு சுழற்சியையும் உண்மைக்கு நெருக்கமாகச் சோதிக்கலாம். வளைபாதை விமானம் சுமார் 20 விநாடி எடையற்ற நிலையைத் தரும். பிடிக்கும் அமைப்பைச் சோதிக்க அது போதும். இவற்றைவிட மலிவானதும் அதிகம் கற்றுத்தருவதும், ஓட்டுபவருக்கும் ரோபோவுக்கும் இடையே மென்பொருளால் செயற்கைத் தாமதத்தைப் புகுத்துவதுதான். நிலையான தாமதத்துக்கு மனிதர் விரைவில் பழகிவிடுவார் என்பதால், தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும், இடையிடையே படங்களை விடுபடச் செய்தும், எச்சரிக்கையின்றித் தொடர்பைத் துண்டித்தும் பழக்குங்கள்.

ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது. லுனகோத் குழுவில் தளபதி, ஓட்டுநர், வழி கணிப்பவர், ஆன்டெனா இயக்குநர், பொறியாளர் என ஐவர் இருந்தனர். சிறு திட்டத்துக்கு மூவர் போதும்: ஓட்டுபவர், ரோபோவின் நலத்தைக் கண்காணிப்பவர், நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர். அந்த மூன்றாமவர் ஓட்டும் கருவியைத் தொடவே கூடாது. வேலையில் மூழ்கியவருக்கு நிறுத்தும் மனம் வராது.

பத்தாம் படி: பணியை முடித்தல்

வாயுவில் ஒரு பகுதியை விலகிச் செல்வதற்கென்றே ஒதுக்கி, அதைத் தொடாமல் பணியைத் திட்டமிடுங்கள். தாழ்ந்த பாதையிலுள்ளவை பணி முடிந்த 25 ஆண்டுகளுக்குள் வளிமண்டலத்தில் விழ வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் சர்வதேச வழிகாட்டுதல். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2022 இல் அதைத் தன் உரிமதாரர்களுக்கு 5 ஆண்டாகக் குறைத்தது. விலகிச் சென்றதும் மீதி வாயுவை வெளியேற்றி, பேட்டரியை மின்னேற்றும் சுற்றிலிருந்து துண்டித்து, கடைசியாக அலைபரப்பியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம்: அலைபரப்பி முதலில் அணைந்துவிட்டால், மற்ற இரண்டும் நடந்தனவா என்று சரிபார்க்க வழியில்லை.